இடது பக்கத்து அடித்தகடு

சுந்தரேசன் வீட்டுக் காம்பவுண்டுக்குள் அந்த ஃபியட் பத்து வருடத்துக்கும் மேலாக நின்ற இடத்திலேயே நின்றிருந்தது. 1962-இல் செய்த வண்டி, மெட்ராஸ் நம்பர் பிளேட். மேலே போட்ட தார்ப்பாய் எப்போதோ கிழிந்து, கண்ணாடியின் ஓரமெல்லாம் வேப்பஞ்சருகு அடைந்து கிடந்தது. மதலைமுத்து அதைப் பார்க்கப் போன அன்று டயர்கள் நான்கும் காற்றில்லாமல் மண்ணோடு ஒட்டியிருந்தன.

மதலைமுத்துவுக்கு நாற்பத்தெட்டு வயது. ஒரு அரசாங்கத் தொழிற்சாலையில் தகட்டு வேலைப் பிரிவில் இருபத்தைந்து வருடம் இருந்துவிட்டு, 2001 கடைசியில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர். ஜீவனஹள்ளியில் சொந்த வீடு, அதை ஒட்டி ஷீட் போட்ட ஒரு ஷெட். மனைவி மௌரீன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். ஒரே மகள் கல்யாணமாகி கோவாவில் இருந்தாள். காலையில் மௌரீன் கிளம்பிப் போனால் நாலு மணி வரை வீட்டில் அவர் ஒருத்தர்தான். ஐந்து மாதத்தில் வீட்டிலிருந்த கதவு, குழாய், கட்டில், கேட் எல்லாவற்றையும் பழுது பார்த்து முடித்துவிட்டார். அதற்குமேல் செய்ய ஒன்றும் இல்லாமல் போனபோதுதான், காக்ஸ் டவுனில் ஒரு பழைய ஃபியட் சும்மா கிடக்கிறது என்று யாரோ சொன்னார்கள்.

சுந்தரேசனுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். தனியாக இருந்தார். வராந்தாப் படியைத் தாண்டி அவர் வெளியே வரவில்லை. சாவியைக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்துவிட்டு அங்கேயே நின்றார்.

“வண்டி எதனால சார் நின்னுச்சு?”

“பெட்ரோல் வரலை. அப்புறம் எடுக்கலை.”

“உள்ள உங்க சாமான் ஏதாவது இருந்தா பாத்து எடுத்துக்கறீங்களா?”

“ஒண்ணும் இருக்காது. இருந்தா நீங்களே வெச்சுக்கோங்கோ.”

விலையையும் அவர் பேசவில்லை. மதலைமுத்து சொன்னதற்குத் தலையை மட்டும் ஆட்டினார். வண்டியைக் கட்டி இழுத்துப் போக டெம்போ வந்து நின்றதும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஷெட்டில் கொண்டுவந்து நிறுத்திய மறுநாளே மதலைமுத்து சீட்டுகளைக் கழற்றினார். ரப்பர் பாயைச் சுருட்டினார். அதற்கடியில் ஒட்டியிருந்த தார் அட்டையைச் சுரண்டி எடுத்ததும் அடித்தகட்டின் லட்சணம் தெரிந்தது. டிரைவர் பக்கத்தில் அங்கங்கே பொத்தல், அவ்வளவுதான். ஒட்டுப்போட்டே சமாளித்திருக்கலாம். இடது பக்கம், முன்சீட்டில் உட்காருகிறவர் கால் வைக்கிற இடம், முழுக்க அரித்துப் போயிருந்தது. ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தியதும் அப்பளம் மாதிரி நொறுங்கிக் கீழே சிமெண்டுத் தரை தெரிந்தது.

மழைத் தண்ணீர் அந்தப் பக்கமாக இறங்கியிருக்கும் என்று நினைத்து முன்கண்ணாடி ரப்பரைச் சோதித்தார். ஒரு வெடிப்பு இல்லை. கதவு ரப்பரும் நன்றாக இருந்தது. மேற்கூரையில் துரு இல்லை. தண்ணீர் வந்த வழி அவருக்குப் பிடிபடவில்லை. இரண்டு பக்கமும் புதுத் தகடு போட்டுவிடுவது என்று முடிவு செய்தார்.

இந்த மாதிரி வண்டிக்குத் தனியாக சேசிஸ் கிடையாது. அடித்தகட்டை வெட்டி எடுத்தால் உடம்பு நடுவில் தொய்ந்துவிடும். அதனால் முதலில் இரண்டு முன்கதவு வாசலிலும் குறுக்கே ஆங்கிள் இரும்புக் கம்பியை வெல்டு வைத்துக் கட்டினார். புதுத் தகடு முழுக்கப் பற்றவைத்து முடிகிற வரைக்கும் அந்தக் கம்பி இருந்தாக வேண்டும். பிறகு கிரைண்டரால் ஓரம் வெட்டி, உளியால் பழைய வெல்டுகளைப் பிளந்து, துருப்பிடித்த தகட்டைத் துண்டு துண்டாக வெளியே எடுத்தார். பதினெட்டு கேஜ் தகடு வாங்கி வந்து, அட்டையில் அளவு வெட்டி, மரக்கட்டை மேல் வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டிப் பழைய தகட்டில் இருந்த வரிகளை அப்படியே கொண்டுவந்தார். பத்து நாள் ஆயிற்று. ரொம்ப நாளைக்கப்புறம் சாப்பிட்டவுடன் அவருக்குத் தூக்கம் வந்தது.

ஜூன் மாதம் முதல் சனிக்கிழமை இடது பக்கத் தகட்டை உட்கார வைத்து, தின்னர் போட்டுத் துடைத்து, எட்டு இடத்தில் மட்டும் சின்னதாகப் பற்றவைத்தார். அளவு சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மிச்சத்தை முடிக்கலாம் என்று எண்ணம். ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போய்விட்டு, மத்தியானம் பூராவும் மழை என்பதால் ஷெட்டைத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் பார்த்தபோது தகட்டின்மேல் இரண்டு பாதங்கள் இருந்தன.

துரு. வெறும் இரும்பின்மேல் வியர்வைக் கை பட்டால் இரண்டு நாளில் அந்த விரல்ரேகை அப்படியே துருவாக எழும் என்பது தொழிற்சாலையில் முதல் வாரமே கற்றுக்கொடுக்கிற பாடம். இது விரல் அல்ல. குதிகால், பாதத்தின் வெளிவிளிம்பு, ஐந்து ஐந்து விரல்கள். சிறிய பாதங்கள். சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தவர் எப்படிக் காலை வைப்பாரோ அப்படி, பக்கத்தில் பக்கத்தில். ஆனால் அங்கே சீட்டே இல்லை. கதவு வாசலில் குறுக்குக் கம்பி வேறு.

மௌரீன் வந்ததும் கேட்டார். “நீ ஷெட்டுக்குள்ள போனியா?”

“எனக்கென்ன அங்க வேலை? ஏன்?”

“செருப்பில்லாம ஏறி நின்ன மாதிரி அச்சு இருக்கு.”

“தகடு வாங்கின கடையில எவனாவது மிதிச்சிருப்பான்.”

அப்படியும் இருக்கலாம் என்று எமெரித்தாள் எடுத்துத் தேய்த்தார். தேய்க்கும்போது கவனித்தார்: இரண்டு பாதத்திலும் இரண்டாவது விரலுக்குக் கீழே சின்னதாக ஒரு பிறைக்கோடு. மெட்டி. பார்க்காதது போலத் தேய்த்து முடித்து, மறுபடி தின்னர் போட்டுத் துடைத்தார். ஷெட்டைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வியாழக்கிழமை அச்சு திரும்ப வந்திருந்தது. இந்தத் தடவை குதிகால் இல்லை. விரல்களும் பாதத்தின் முன்பகுதியும் மட்டும், அழுத்தமாக. விரல் நுனிகள் தகட்டைப் பற்றிக்கொள்ளப் பார்த்ததுபோல உள்ளே மடங்கியிருந்தன. மதலைமுத்து அதற்கு முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார். குதிகாலைத் தூக்கி, முன்பாதத்தை ஊன்றி, உடம்பை மேலே தள்ளி ஒருத்தர் உட்கார்ந்தால்தான் இப்படி விழும். எதற்காக ஒருத்தர் அப்படி உட்காருவார் என்று அவருக்குத் தெரியவில்லை. அந்த அச்சின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். இரும்பு எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது.

அதைத் தேய்க்க மனம் வரவில்லை.

மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்கு வண்டிக்கு அடியில் படுத்து வலது பக்க ஓரத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது ஒரு சத்தம் கேட்டது. மெல்லிய விசில். நின்று நின்று வந்தது. வெல்டிங் கேஸ் குழாயில் கசிவு என்று பதறி வெளியே உருண்டு வந்து சிலிண்டரை மூடினார். சோப்புத் தண்ணீர் கரைத்து வால்வு, குழாய், மூட்டு எல்லாவற்றிலும் தடவினார். ஓரிடத்திலும் குமிழி வரவில்லை. சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. இழுப்பதற்குக் கொஞ்ச நேரம், விடுவதற்கு ரொம்ப நேரம். அடுத்த தெருவில் ஆட்டோ போகும்போது அமுங்கி, ஆட்டோ போனதும் மறுபடி கேட்டது. மதலைமுத்து ஷெட்டைவிட்டு வெளியே வந்து வெயிலில் நின்றார். மௌரீன் வருகிற வரை வீட்டுக்குள்ளும் போகவில்லை. வாசல் படியிலேயே உட்கார்ந்திருந்தார்.

அவள் வந்ததும் ஷெட்டுக்குள் கூட்டிப்போனார். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. மௌரீன் அவர் முகத்தைப் பார்த்தாள், கேலி செய்ய வாயெடுத்தாள், அப்புறம் அப்படியே நின்றாள்.

“என்னங்க, இது கேஸ் இல்ல.”

“அதான் நானும் சொல்றேன்.”

“என் கிளாஸ்ல ஒரு பொண்ணு இருக்கா. மழை வந்தா நெஞ்சு இப்படித்தான் விசில் அடிக்கும். பெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு, குதிகாலைத் தூக்கிக்கிட்டு உக்காந்திருப்பா, பாவம். அப்பத்தான் மூச்சு வரும்.” பேசிக்கொண்டே தகட்டைக் குனிந்து பார்த்தவள் நிமிர்ந்து சிலுவை போட்டுக்கொண்டாள். “இந்த வண்டில யார் இருந்தாங்கன்னு அந்தப் பெரியவர்கிட்ட கேட்டீங்களா?”

“கேக்கல.”

“போய்க் கேளுங்க. கேக்காம இதுல ஒரு வெல்டு வைக்காதீங்க.”

சனிக்கிழமை மத்தியானம் மதலைமுத்து காக்ஸ் டவுனுக்கு நடந்தே போனார். சுந்தரேசன் வராந்தாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வண்டி நின்ற இடத்தில் நாலு டயர் பள்ளமும், புல் முளைக்காத ஒரு நீள்சதுரமும் இருந்தன.

“முன்சீட்ல இடது பக்கம் யார் சார் உக்காருவாங்க?”

“என் ஆத்துக்காரி. கோமளா. ஏன்?”

“அவங்களுக்கு மூச்சு வாங்குமா?”

சுந்தரேசன் பேப்பரை மடித்தார். “யார் சொன்னா உங்களுக்கு?”

மதலைமுத்து பார்த்ததையும் கேட்டதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். மெட்டியைப் பற்றிச் சொன்னபோது பெரியவர், “எல்லாரும்தான் மெட்டி போட்டுக்கறா” என்றார். குதிகால் தூக்கியிருந்ததைச் சொன்னதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். பிறகு தானாகவே பேச ஆரம்பித்தார்.

“தொண்ணூத்தோராம் வருஷம் டிசம்பர். காவிரிக் கலாட்டா. தமிழ்க்காராளைத் தேடித் தேடி அடிச்சுண்டிருந்தா. விஜயநகர்ல அவ அண்ணா ஆத்துக்குப் போயிட்டுத் திரும்பறோம். மாகடி ரோடு தாண்டி உள்ள ஒரு தெருவுல வண்டி நின்னுடுத்து. தூரத்துல டயர் எரியற புகை. வண்டியோ மெட்ராஸ் நம்பர். அவளுக்குக் கன்னடம் வராது. இறங்காதே, யார் வந்து கேட்டாலும் வாயைத் திறக்காதே, இதோ வந்துடறேன்னு சொல்லிட்டு, ஃபோன் பண்ண எடம் தேடிண்டு போனேன். மாவு மில் எதிர்ல கிருஷ்ணப்பான்னு ஒருத்தர் என்னை உள்ள கூப்பிட்டார். அதுக்குள்ள தெரு பூரா கும்பல். மூணு மணி நேரம். வண்டிகிட்ட போகவே முடியலை. போய்ச் சேர்றச்சே ஆறு மணி. அவளுக்கு ஆஸ்துமா. மருந்து தீர்ந்து போயிருந்தது.”

மடித்த பேப்பரை மறுபடி மடித்து, “இறங்கவே இல்லை அவ. சொன்னபடியே உக்காந்திருந்தா” என்றார்.

“நீங்க ஒரு தடவை ஷெட்டுக்கு வரணும் சார்.”

“அந்த வண்டிகிட்ட நான் வர மாட்டேன். நீங்க அதைப் பழைய இரும்புக்குப் போட்டுடுங்கோ.”

வீட்டுக்கு வந்து மௌரீனிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் அழுதாள். மதலைமுத்துவுக்கு மட்டும் ஏதோ இடித்தது. சாப்பிடும்போதும் அதையே யோசித்துக்கொண்டிருந்தார்.

“மெட்ராஸ் நம்பர் வண்டி. மூணு மணி நேரம் தெரு பூரா கும்பல்னு சொல்றார். அந்த வண்டில ஒரு அடி படல, மௌரீன். கண்ணாடி எல்லாம் கம்பெனிக் கண்ணாடி. ஒரு கீறல் கிடையாது. நான் தகடு தகடா தடவிப் பாத்திருக்கேன்.”

மௌரீன் தட்டிலிருந்து கையை எடுத்தாள். “போகட்டும், விடுங்க. அவருக்கும் ஆண்டவருக்கும் நடுவுல.”

“நடுவுல நம்ம ஷெட்ல அந்தம்மா உக்காந்திருக்காங்களே.”

செவ்வாய்க்கிழமை மாகடி ரோட்டுக்கு பஸ் பிடித்துப் போய், அந்தத் தெருவை விசாரித்துக் கண்டுபிடித்தார். மாவு மில் இன்னும் இருந்தது. எதிரில் பச்சைக் கேட் போட்ட வீட்டில் கிருஷ்ணப்பா இருந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், பருத்த உடம்பு. தமிழ் நன்றாகவே பேசினார்.

“உக்காருங்க சார். ஊட்டா ஆச்சா?”

“சாப்பாடு ஆச்சு சார். தொண்ணூத்தோராம் வருஷம் இந்தத் தெருவுல ஒரு ஃபியட் நின்னுச்சு. இப்ப அது என்கிட்ட இருக்கு.”

கிருஷ்ணப்பா வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். உள்ளே யாரிடமோ கன்னடத்தில் காபி சொன்னார். அப்புறம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அந்தப் பெரியவர் உயிரோட இருக்காரா?”

“இருக்கார். தெரு பூரா கும்பலா இருந்துச்சு, போக முடியலைன்னு சொன்னார்.”

“கும்பல் வந்துச்சு சார். ஹௌது, ஆமா. வந்து கத்திட்டு, பத்து நிமிஷத்துல மெயின் ரோட்டுக்குப் போயிட்டாங்க. அதுக்கப்புறம் ஒரு ஆள் இல்ல, ஒரு நாய் இல்ல. நான் சட்டையப் போட்டுக்கிட்டு அதோ அந்த வாசல்ல நின்னேன். வாங்க சார், நான் கூட வர்றேன், நான் கன்னடக்காரன், என்கிட்ட யார் என்ன கேப்பாங்கன்னு சொன்னேன். ஒரு தடவை இல்ல, நாலு தடவை. கொஞ்சம் அடங்கட்டும், கொஞ்சம் அடங்கட்டும்னார். கார்ல சம்சாரம் இருக்காங்கன்னு அவர் சொல்லவே இல்ல சார். கார் இருக்கு, கார் இருக்குன்னுதான் சொன்னார். காருக்காக ஏன் பயப்படறீங்கன்னு நானும் விட்டுட்டேன்.” காபி வந்தது. அவர் எடுக்கவில்லை. “அஞ்சே முக்காலுக்கு ஒரு பொம்பளை உள்ள இருக்கான்னு சொன்னார். நான் ஓடினேன். அவர் பின்னால வந்தார். கதவு பூட்டல. அந்தம்மா நேரா பாத்து உக்காந்திருந்தாங்க. வாயை முந்தானையால மூடிட்டு இருந்தாங்க. இருமல் சத்தம் வெளிய கேக்கக் கூடாதுன்னு.”

மதலைமுத்து திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. வீட்டுக்குப் போகாமல் நேராகக் காக்ஸ் டவுனில் இறங்கினார்.

சுந்தரேசன் அதே நாற்காலியில் இருந்தார்.

“கிருஷ்ணப்பா வீட்டுக்குப் போயிருந்தேன் சார்.”

பெரியவர் அவரைப் பார்க்கவில்லை. மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்களைக் குத்தம் சொல்ல வரல. நான் அங்க இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு எனக்குத் தெரியாது. ஆனா அவங்க இன்னும் நீங்க சொன்னபடி உக்காந்திருக்காங்க. நான் சொன்னா இறங்க மாட்டாங்க சார்.”

“நாலு தடவை கூப்பிட்டார்” என்றார் சுந்தரேசன். “சொன்னாரா?”

“சொன்னார்.”

“நன்னா கணக்கு வெச்சிருக்கார்.” எழுந்து உள்ளே போனார். வரமாட்டார் என்று நினைத்து மதலைமுத்து படியிறங்கப் போனபோது, செருப்பு மாட்டிக்கொண்டு குடையோடு வெளியே வந்தார்.

ஷெட்டுக்கு வந்தபோது மணி நாலரை. மௌரீன் அப்போதுதான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருந்தாள். பெரியவரைப் பார்த்ததும் நாற்காலி கொண்டுவந்தாள், அவர் உட்காரவில்லை. மழை விட்டு வெளிச்சம் வந்திருந்தது. சுந்தரேசன் வண்டியின் இடது பக்கமாக ஒவ்வொரு அடியாகப் போய் நின்றார். விசில் சத்தம் அன்று மூன்று பேருக்கும் கேட்டது.

பெரியவர் கதவைத் திறந்தார். உள்ளே தகட்டைப் பார்த்தார். பிறகு குறுக்கே இருந்த ஆங்கிள் கம்பியைத் தொட்டார்.

“இது எதுக்கு?”

“தகடு முழுசா பத்தவைக்கிற வரைக்கும் அது இருக்கணும் சார். இல்லேன்னா பாடி தொய்ஞ்சிடும்.”

“இது இருந்தா அவ எப்படி இறங்குவா?”

இருபத்தைந்து வருடத்தில் மதலைமுத்து ஒரு வேலையையும் வரிசை மாற்றிச் செய்ததில்லை. எட்டுப் பற்றில் நிற்கிற தகடு. கம்பியை எடுத்தால் என்ன ஆகும் என்று கைக்கே தெரியும். கிரைண்டரை எடுத்து வந்தார். இரண்டு முனையையும் வெட்டினார். கம்பி கீழே விழுந்தது. வண்டிக்குள்ளிருந்து ‘டக்’ என்று ஒரு சத்தம் வந்தது. உடம்பு இறங்கிய சத்தம். கிரைண்டரை அணைத்துவிட்டு மனைவியோடு சமையலறைக் கதவுவரை பின்னால் போய் நின்றார்.

சுந்தரேசன் குனிந்து, காலியாக இருந்த அந்த இடத்தைப் பார்த்துப் பேசினார். ரொம்ப மெதுவாகத்தான் பேசினார். சின்ன ஷெட் என்பதால் அவர்களுக்குக் கேட்டது.

“கோமளா. நான்தான். யாரும் இல்லை இங்க. அன்னிக்கும் இல்லை. பத்து நிமிஷத்துல எல்லாரும் போயிட்டா. எனக்குத் தெரியும். தெரிஞ்சுண்டேதான் உக்காந்திருந்தேன். காபி குடுத்தார், குடிச்சேன். உன் அண்ணாகிட்ட, எல்லார்கிட்டயும் வர முடியலைன்னு சொன்னேன். வந்திருக்க முடியும். நான் வரலை.” மூச்சு வாங்கினார். “இப்ப வந்திருக்கேன். வாயைத் திறந்து பேசு. திட்டணும்னா திட்டு. இறங்கு, போலாம்.”

கையை உள்ளே நீட்டினார். நீட்டியபடியே நின்றார். எவ்வளவு நேரம் என்று மௌரீனுக்குச் சொல்லத் தெரியவில்லை. வயதானவர், தோள் வலிக்கும் என்று அவள் நினைத்தாள். அப்போது அந்தக் கை லேசாகக் கீழே தாழ்ந்தது. யாரோ பிடித்துக்கொண்டு எழுந்திருக்கும்போது தாழ்வதுபோல. சுந்தரேசன் இடறாமல் இரண்டடி பின்னால் வந்தார். முழங்கையை மடக்கி உடம்போடு சேர்த்து வைத்துக்கொண்டார்.

அப்படியே கேட்டைத் தாண்டித் தெருவுக்குப் போனார். தூறல் மறுபடி ஆரம்பித்திருந்தது. குடையை விரித்தார், விரித்து, தன் தலைக்கு நேராகப் பிடிக்காமல் இடது பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். அவர் வலது தோள் பூராவும் நனைந்தது. பத்தடி நடந்தார், நின்றார். மறுபடி பத்தடி, மறுபடி நின்றார். மூச்சு முட்டுகிறவர் கூட நடக்கும்போது மற்றவர் நிற்கிற மாதிரி.

“ஆட்டோ பிடிச்சுக் குடுக்கட்டுமா?” என்றாள் மௌரீன்.

“வேணாம், விடு” என்றார் மதலைமுத்து. தெருமுனை திரும்புகிற வரை இருவரும் கேட்டில் நின்று பார்த்தார்கள். அவ்வளவு தூரம் நடக்க அவருக்குக் கால் மணி நேரத்துக்குமேல் ஆயிற்று.

அதற்கப்புறம் ஒரு வாரம் தகட்டை அப்படியே விட்டுவைத்தார். மழைக்காலத்தில் வெறும் தகட்டில் பரவலாக எழும் மெல்லிய பழுப்பு எழுந்தது. வேறு ஒன்றும் எழவில்லை. ஷெட்டும் அமைதியாக இருந்தது. அந்த அமைதிக்குப் பழக அவருக்குச் சில நாள் பிடித்தது. பிறகு தேய்த்து, முழுக்கப் பற்றவைத்து, ரெட் ஆக்சைடும் தாரும் பூசினார். உடம்பு இடது பக்கம் இரண்டு நூல், கால் அங்குலம், இறங்கிவிட்டிருந்தது. கதவுக் கீலுக்கடியில் மெல்லிய தகட்டுப் பட்டி வைத்துப் பார்த்தார்; முழுதாகச் சரியாகவில்லை. அந்தக் கதவைக் கொஞ்சம் தூக்கித்தான் சாத்த வேண்டும்.

2003 பிப்ரவரியில் வண்டி முடிந்தது. வெளிர்நீலம் அடித்திருந்தார். முதல் தடவையாக மௌரீனை முன்னால் உட்கார வைத்து ரோட்டில் எடுத்தபோது, அவளே, “அவருக்குக் காட்டிட்டு வரலாம்” என்றாள்.

ஹாரன் சத்தம் கேட்டு சுந்தரேசன் கேட்டுவரை வந்தார். முன்னைக்குக் கொஞ்சம் சதை போட்டிருந்தார். வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார், தொடவில்லை.

“நன்னா வந்திருக்கு.”

“நீங்க எப்படி இருக்கீங்க சார்?”

“இருக்கேன். அவ அண்ணாவுக்கு உள்ளதை உள்ளபடி லெட்டர் எழுதினேன். வருஷா வருஷம் திவசத்துக்கு வருவார். இந்தத் தடவை வரலை. இனிமேல் வர மாட்டார்.” அதைச் சொல்லும்போது அவர் குரலில் வருத்தம் இருந்தது, ஆனால் சொல்லத் தயங்கவில்லை.

“ஒரு ரவுண்டு வர்றீங்களா சார்? பின்னாடி தாராளமா உக்காரலாம்.”

சுந்தரேசன் வண்டியையும் வீட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இருங்கோ. அவளைக் கேட்டுண்டு வர்றேன்” என்று உள்ளே போனார்.

மதலைமுத்து இஞ்சினை அணைக்கவில்லை. மௌரீன் நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து பேச்சுக்குரல் கேட்டது. பெரியவருடைய குரல் மட்டும்தான், நடுநடுவே நின்று நின்று. அவர் திரும்பி வந்தபோது கையில் ஒரு டம்ளர் தண்ணீர் இருந்தது. அதை மௌரீனிடம் கொடுத்தார்.

“வேண்டாங்கறா. நீங்க போயிட்டு வாங்கோ.”

மௌரீன் தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள். “சரிங்க சார், அம்மாவைப் பாத்துக்குங்க” என்றாள். மதலைமுத்து கியரைப் போட்டார்.